ஒரு சட்டப் பத்தியின் பயணம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டத் தொகுப்பில் 11-1051 என்ற எண்ணின் கீழ் ஒரு பத்தி இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காக ஒருவரை நிறுத்துகிறார். காரின் பின்விளக்கு எரியவில்லை என்பதுகூடப் போதும். எதிரில் இருப்பவர் அனுமதியின்றி நாட்டில் தங்கியிருப்பவர் என்று அவருக்கு 'நியாயமான சந்தேகம்' எழுந்தால், அந்த ஆளின் குடியேற்ற நிலை என்ன என்று தெரிந்துகொள்ள அவர் முயல வேண்டும். முயலலாம் என்று சட்டம் சொல்லவில்லை, முயன்றே ஆக வேண்டும் என்கிறது. கைதானவராக இருந்தால் நிலை தெரியும்வரை வெளியே விடக் கூடாது. இதை முழுமையாக அமல்படுத்தாத காவல் துறைமீது மாநிலத்தில் சட்டப்படி வசிக்கும் எவரும் வழக்குப் போடலாம் என்று இன்னொரு உட்பிரிவு சொல்கிறது. மீறல் உறுதியானால் நாளொன்றுக்கு 500 முதல் 5,000 டாலர்வரை அபராதம். ஆகவே கண்டும் காணாமல் விட நினைக்கும் நல்ல அதிகாரிக்கும் வழியில்லை.

சந்தேகம் எதை வைத்து எழ வேண்டும் என்று பத்தியில் ஒரு சொல் இல்லை. மற்ற எல்லாச் சிக்கலும் அந்த இடத்திலிருந்து கிளம்பியவை. நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கும் ஒருவருக்குக் கண்ணில் படுவது தோலின் நிறமும் காதில் விழுவது பேச்சின் சாயலும்தான்.

எஸ்.பி. 1070 என்ற மசோதாவின் பிரிவு 2(பி)யாக இந்தப் பத்தி 2010-ல் சட்டமானது. அதற்கு முன்பே அதற்கு ஒரு நீண்ட கருக்காலம் உண்டு. 1993-ல் எல் பாசோவிலும் 1994-ல் சான் டியேகோவிலும் மத்திய அரசு எல்லைக் காவலை இறுக்கியது. மெக்சிகோவிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் ஊர்கள் வழியே வர முடியாமல் அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்துக்குத் தள்ளப்பட்டார்கள். பல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வெயிலில் செத்தார்கள். பிழைத்து வந்தவர்கள் ஃபீனிக்ஸில் வீடு கட்டினார்கள், தோட்டம் வெட்டினார்கள், ஓட்டல் அறைகளைத் துடைத்தார்கள். மாநில அரசியல்வாதிகள் சிலருக்கு அவர்கள் ஓட்டு வாங்கித்தரும் பயமாகத் தெரிந்தார்கள்.

மேசா நகரத்து செனட்டர் ரஸ்ஸல் பியர்ஸ் அவர்களில் முதன்மையானவர். முன்பு மாரிகோப்பா மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர். அவர் தரப்பு கொண்டுவந்த இத்தகைய மசோதாக்களை ஆளுநர் ஜேனட் நப்போலிடானோ வீட்டோ செய்துவந்தார். 2009 ஜனவரியில் நப்போலிடானோ ஒபாமாவின் அமைச்சரவைக்குப் போனார், ஜான் பிரூவர் ஆளுநரானார், கதவு திறந்தது. வாசகங்களை எழுதுவதில் பியர்ஸுக்குக் கைகொடுத்தவர் கன்சாஸைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் கிரிஸ் கோபாக். 2009 டிசம்பரில் வாஷிங்டனில் ஓர் ஓட்டல் அரங்கில் 'அலெக்' என்ற அமைப்பு கூடியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் பெருநிறுவனங்களும் சேர்ந்து மாதிரி மசோதாக்களைத் தயாரிக்கும் அமைப்பு அது. அங்கே பியர்ஸின் யோசனை மாதிரி மசோதாவாக ஏற்கப்பட்டது. அந்த அமைப்பின் உறுப்பினர்களில் தனியார் சிறைகளை நடத்தும் ஒரு பெரிய நிறுவனமும் இருந்ததை என்.பி.ஆர். வானொலி 2010 அக்டோபரில் வெளிக்கொண்டுவந்தது. சட்டத்துக்காகத் தாங்கள் ஆதரவு திரட்டவில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. மறுப்பை ஏற்றாலும் ஒன்று நிற்கிறது. ஃபீனிக்ஸ் தெருவில் ஒரு தாயின் காரை நிறுத்தப்போகும் வாசகம், அந்தத் தெருவை அறியாத பலரும் கூடியிருந்த ஓர் அறையில், எந்த மாநிலமும் எடுத்துக்கொள்ளலாம் என்று தயார்செய்து வைக்கப்பட்டது. நாற்றங்காலில் விட்ட நாற்று மாதிரி, எந்த வயலிலும் பறித்து நடலாம்.

2010 மார்ச் 27 அன்று எல்லைக்கு அருகே ராபர்ட் கிரென்ட்ஸ் என்ற பண்ணையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் எல்லை தாண்டி வந்தவர் என்று ஊகிக்கப்பட்டது. அந்தத் துக்கமும் கோபமும் மசோதாவை வேகமாகத் தள்ளின. ஏப்ரல் 23 அன்று பிரூவர் கையெழுத்திட்டார்.

எதிர்த்தவர்கள் அன்று புதிதாகக் கிளம்பியவர்கள் அல்ல. மாரிகோப்பா ஷெரிஃப் ஜோ ஆர்பையோ மத்திய அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டை வைத்துக்கொண்டு லத்தீன் குடியிருப்புகளில் சோதனைகள் நடத்திவந்த காலத்திலேயே ஃபீனிக்ஸில் புவென்டே என்ற அமைப்பு உருவாகியிருந்தது. டூசானில் 'தெரெச்சோஸ் உமானோஸ்' கூட்டமைப்பு பாலைவனச் சாவுகளைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்துவந்தது. அதே நகரத்தின் சவுத்சைடு பிரஸ்பிட்டேரியன் திருச்சபை, 1982-ல் எல் சால்வடோர், குவாதமாலா போர்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்குத் தன் கட்டடத்தை அடைக்கலமாகப் பகிரங்கமாக அறிவித்த இடம்.

மசோதா செனட்டில் நிறைவேறிய மறுநாள் ஒன்பது மாணவர்கள் சட்டமன்றக் கட்டட வாசலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு கைதானார்கள். அதே வளாகத்துப் புல்வெளியில் குவாதலூப்பே மாதாவின் படத்தை வைத்து, பெரும்பாலும் பெண்கள், இரவும் பகலுமாக ஜெபித்தபடி உட்கார்ந்தார்கள். ஃபீனிக்ஸின் கோடை 43 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் நூறு நாளுக்கும் மேலாக அந்த விழிப்பிருப்பு நீடித்தது. அதில் முன்னின்ற பெட்ரா ஃபால்கனும் தோழிகளும் பிறகு 'பிராமிஸ் அரிசோனா' என்ற அமைப்பைக் கட்டி, வீடுவீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவுசெய்தார்கள். ஓட்டுரிமை இல்லாத அம்மாக்கள், ஓட்டுரிமை உள்ள பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தாரையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

புவென்டே வேறு வழியில் போனது. குடியிருப்புகளில் தற்காப்புக் குழுக்கள் அமைந்தன. சாயங்காலம் ஒருவர் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் கூடுவார்கள். போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமலிருக்க உரிமை உண்டு, எந்தக் காகிதத்தில் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டிப் பழகினார்கள். பிறகு ஒரு படிவத்தை நிரப்புவார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் பிடிபட்டால் குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது, ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது, வங்கியில் இருக்கும் பணத்தை யார் எடுப்பது என்று நம்பிக்கையான ஒருவர் பெயரை எழுதித் தரும் அதிகாரப் பத்திரம் அது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரையோ ஞானத்தாயின் பெயரையோ எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரை வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு ஓர் உறையில் போட்டு வைத்தார்கள். தன் பிள்ளையை இன்னொருவர் வசம் ஒப்படைக்கும் தாளைத் தன் கையாலேயே நிரப்ப வைத்த சட்டம் இது. மற்ற விவாதங்களை எல்லாம் தள்ளிவைத்தாலும் எனக்கு இந்த ஒன்று போதும், அதைக் கொடுஞ்சட்டம் என்று சொல்ல.

நீதிமன்றப் பாதையை 2010 மே 17 அன்று திறந்தார்கள். சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யு., லத்தீன் மக்களின் சட்ட உரிமை அமைப்பான மால்டெஃப், தேசியக் குடியேற்றச் சட்ட மையம், தினக்கூலித் தொழிலாளர் அமைப்பான என்.டி.எல்.ஓ.என். ஆகியவற்றோடு வேறு அமைப்புகளின் வக்கீல்களும் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. பல்லாண்டு காலம் ஃபீனிக்ஸின் ஏழைகளுக்கு உழைத்த 'ஃபிரெண்ட்லி ஹவுஸ்' முதல் மனுதாரர். மனுதாரர் பட்டியலில் தொழிற்சங்கங்கள், திருச்சபை, முஸ்லிம் அமைப்பு, இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைபட்ட ஜப்பானிய அமெரிக்கர்களின் சங்கம் எல்லாம் இருந்தன. நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டிய ஒரு பெயரும் இருந்தது: 'அரிசோனா சவுத் ஏசியன்ஸ் ஃபார் சேஃப் ஃபேமிலீஸ்'. குடும்ப வன்முறைக்கு ஆளாகும் தெற்காசியப் பெண்களுக்கு உதவும் அமைப்பு.

மெக்சிகோ எல்லை விவகாரத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எச்-1பி விசாவில் வந்த கணவனோடு எச்-4 விசாவில் வந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுடைய தங்கும் உரிமை கணவனுடைய விசாவில் தொங்குகிறது. பாஸ்போர்ட்டைப் பல வீடுகளில் கணவனே பூட்டி வைத்திருப்பான். அடி தாங்காமல் 911-க்கு அழைத்தால் வரும் போலீஸ்காரர் முதலில் காகிதத்தைக் கேட்பார் என்றால், அவள் அழைப்பாளா? விசா காலாவதியாகியிருந்தால் கேட்கவே வேண்டாம். சந்தேகத்துக்குரிய நிறம் மெக்சிகோக்காரருக்கு மட்டுமா சொந்தம்? குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய மத்தியச் சட்டம். தங்க அனுமதி இல்லாதவர் அதை மீறுவதைத் தனியாக மாநிலக் குற்றமாகவும் ஆக்கியது எஸ்.பி. 1070-ன் மூன்றாம் பிரிவு. ஃபீனிக்ஸ் அருகே சாண்ட்லரில் கணினி வேலை பார்க்கும் தமிழரும் விசா காலாவதியான பிறகு தங்கியிருந்தால் அதன் வரம்புக்குள் வந்திருக்கக்கூடும்.

ஜூலை 6 அன்று மத்திய நீதித் துறை தன் வழக்கைத் தொடுத்தது. சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள், ஜூலை 28 அன்று, நீதிபதி சூசன் போல்டன் 2(பி) உள்ளிட்ட நான்கு பகுதிகளை நிறுத்திவைத்தார்.

வெளியே புறக்கணிப்பு நடந்தது. டூசானைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ரவுல் கிரிஹால்வாவே தன் மாநிலத்தில் மாநாடுகள் நடத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் அரிசோனாவோடு வியாபாரத்தைக் குறைக்கத் தீர்மானம் போட்டது. ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி மே 5 அன்று 'லாஸ் சன்ஸ்' என்று பொறித்த சட்டையோடு ஆடியது. ஓட்டல்கள் காலியானபோது வேலை இழந்தவர்களில் அதே குடியேறிப் பெண்களும் இருந்தார்கள் என்பது உண்மை. அந்த விலை கொடுத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அமைப்புகளுக்கு உள்ளேயும் இருந்தது. பலன் அடுத்த ஆண்டு தெரிந்தது. 2011 மார்ச்சில் பியர்ஸ் மேலும் ஐந்து மசோதாக்களைக் கொண்டுவந்தபோது, மாநிலத்தின் 60 நிறுவனத் தலைவர்கள் போதும் நிறுத்துங்கள் என்று கடிதம் எழுதினார்கள். அவருடைய சொந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த செனட்டே ஐந்தையும் தோற்கடித்தது. பிறகு அவர் தொகுதியிலேயே, அவரைத் திரும்ப அழைக்கத் தேவைக்கு மேலாகவே கையெழுத்துகள் சேர்ந்தன. 2011 நவம்பரில், செனட் தலைவராக இருந்த பியர்ஸ் தன் கட்சியைச் சேர்ந்த இன்னொருவரிடம் பதவியை இழந்தார்.

பத்தியோ அதற்குள் மாநிலத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. 2011-ல் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதே சாயலில் மசோதாக்கள் வந்தன. யூட்டா, ஜார்ஜியா, இந்தியானா, அலபாமா, சவுத் கரோலினா ஐந்தில் நிறைவேறின. இவற்றில் அலபாமாவின் எச்.பி. 56 எல்லாவற்றையும்விடக் கொடியது. கோபாக்கின் கை அதிலும் உண்டு. ஆளுநர் ராபர்ட் பென்ட்லி 2011 ஜூன் 9 அன்று கையெழுத்திட்டார். 2(பி) அங்கே பிரிவு 12 ஆகப் பெயர் மாறியது. கூடவே புதிய துணைகளும் முளைத்தன. பள்ளியில் சேரும் குழந்தையின் குடியேற்ற நிலையைப் பள்ளி கேட்டறிய வேண்டும் என்றது பிரிவு 28. ஆவணமில்லாதவருக்கு வாடகைக்கு வீடு தருவதும், தெரிந்தே வண்டியில் ஏற்றிச் செல்வதும் குற்றமாயின. ஆவணமில்லாதவர் அரசோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்யக் கூடாது, செய்ய முயன்றாலே பத்தாண்டுவரை சிறை என்றது பிரிவு 30.

நீதிபதி ஷாரன் பிளாக்பர்ன் செப்டம்பர் 28 அன்று இவற்றில் பலவற்றை அமலுக்கு விட்டார். அன்று இரவே மக்கள் கிளம்பத் தொடங்கினார்கள். அந்த வாரமும் அடுத்த வாரமும் மாநிலப் பள்ளிகளில் சில நாட்களில் ஏறக்குறைய 2,000 ஹிஸ்பானியக் குழந்தைகள் வரவில்லை. அவர்களில் பலர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். மலையடிவாரத்துத் தோட்டங்களில் தக்காளி பறிக்க ஆளின்றி அழுகியது. ஐந்து மாதத்துக்கு முன் ஏப்ரல் 27 அன்று வந்த சூறாவளிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோரை இழந்திருந்த அந்த மாநிலத்தில், கூரை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களும் போய்விட்டார்கள். ஆல்குட் என்ற சிற்றூரின் குடிநீர் அலுவலகத்தில், மாநில அடையாள அட்டையைப் பதிவுசெய்யாவிட்டால் தண்ணீர் இணைப்பு போகக்கூடும் என்று ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள்.

பிரிவு 30 எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு ஸ்டிக்கரின் கதை போதும். அலபாமாவில் ஏழைகள் பலர் 'மொபைல் ஹோம்' எனப்படும், சக்கரம் பூட்டி நகர்த்தக்கூடிய தகர வீடுகளில் வாழ்கிறார்கள். வீடு அவர்களுக்குச் சொந்தம், கீழே இருக்கும் நிலம் வாடகை. வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் கட்டி, ஒரு ஸ்டிக்கரை வாங்கி, வெளியே தெரியும்படி வீட்டில் ஒட்ட வேண்டும். கடைசி நாள் நவம்பர் 30. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அபராதம், குற்ற வழக்கு. ஸ்டிக்கர் வாங்கப் போனால் அது அரசோடு கொடுக்கல் வாங்கல், அதற்குச் சிறை. சரி, வீட்டை இழுத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகலாம் என்றால் நகர்த்துவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும், ஸ்டிக்கர் இல்லாத வீட்டுக்கு அது கிடைக்காது. இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. நியாய வீட்டுவசதி மையங்கள் சில இந்த முடிச்சைக் கண்டுபிடித்து மான்ட்காமரியில் வழக்குப் போட்டன. நீதிபதி மைரன் தாம்சன் நவம்பர் கெடு முடிவதற்குள் தடை கொடுத்தார். ஊர் ஊராகப் போய்க் கேட்கும் அமைப்புகள் இல்லாமல் இத்தகைய முடிச்சு ஒரு நீதிபதியின் மேசைக்கு வராது. சட்டத்தை எழுதியவர்களுக்கு ஸ்டிக்கரைப் பற்றித் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அலபாமாவில் தோன்றிய கூட்டணி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. குற்றம் செய்யாமல் ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லக்கூட முடியாதபடி இந்தச் சட்டம் ஆக்கிவிடும் என்று மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல், கத்தோலிக்க ஆயர்கள் சேர்ந்து தனி வழக்குத் தொடுத்தார்கள். அலபாமா ஹிஸ்பானிய நலக் கூட்டமைப்பு முதல் மனுதாரராக நின்ற பெரிய வழக்கை சதர்ன் பாவர்ட்டி லா சென்டர், ஏ.சி.எல்.யு., தேசியக் குடியேற்றச் சட்ட மையம் முதலியவை நடத்தின. அவை திறந்த உதவித் தொலைபேசி ஓயாமல் அடித்தது. சம்பளம் தராமல் போலீஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்டும் முதலாளி, மருந்து தர மறுத்த கடை என்று வந்த புகார்கள் குறிப்பெடுக்கப்பட்டு நீதிமன்ற ஆவணங்களாயின. 2012 மார்ச்சில் செல்மாவிலிருந்து மான்ட்காமரிவரை, 1965-ல் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காக நடந்த அதே சாலையில், கறுப்பினத் தலைவர்களும் லத்தீன் குடும்பங்களும் சேர்ந்து நடந்தார்கள். டஸ்கலூசாவில் எண் பலகை இல்லாத வாடகைக் காரில் போன ஜெர்மானிய மெர்சிடிஸ் மேலாளர், ஜெர்மன் அடையாள அட்டை மட்டுமே கையில் இருந்ததால் கைதானார். செய்தி உலகெங்கும் போனது. பள்ளியை விட்டு நின்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளைவிட அந்த ஒரு கைது அரசாங்கத்தை அதிகம் சங்கடப்படுத்தியது என்று எண்ணும்போது மனம் வலிக்கிறது.

பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் பத்தி சட்டமாகவே இல்லை. 2012-ல் எச்.பி. 488 கீழவையில் நிறைவேறி செனட் குழுவில் எடுத்துக்கொள்ளப்படாமலே செத்தது. காரணம் தற்செயல் அல்ல. 2000 முதலே அங்கே 'மிரா' என்ற குடியேறிகள் உரிமைக் கூட்டணி, கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளர் சங்கங்களோடும் சட்டமன்றக் கறுப்பின உறுப்பினர்களோடும் சேர்ந்து உழைத்துவந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஜிம் எவன்ஸ் அப்போது அந்தச் சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர். காகிதத்தைக் கேட்டு மனிதனை நிறுத்தும் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த உறுப்பினர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் தொடங்கிய நட்பு, ஆபத்து வந்த அன்று கைகொடுத்தது.

மூலப் பத்தி இதற்கிடையில் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2012 ஏப்ரல் 25 அன்று விசாரணை. மத்திய அரசின் வக்கீல் டொனால்ட் வெரில்லி பேசத் தொடங்குவதற்குள், இந்த வழக்கில் இனப் பாகுபாடு பற்றிய வாதம் ஏதும் இல்லைதானே என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கேட்டார். இல்லை என்று வெரில்லி ஒப்புக்கொண்டார். அரசின் வாதமெல்லாம் குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் அதில் நுழையக் கூடாது என்பதுதான். நிறத்தைப் பார்த்து நிறுத்துவார்கள் என்று ஃபீனிக்ஸ் தெருக்கள் கத்திக்கொண்டிருந்த உண்மை, நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் மத்திய அரசு வாதாடத் தொடங்கும் முன்பே வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதைச் சொன்ன வழக்கு அமைப்புகளுடையது, அது கீழ் நீதிமன்றத்தில் காத்திருந்தது.

ஜூன் 25 அன்று வந்த தீர்ப்பு மற்ற மூன்று பகுதிகளை அடித்துவிட்டது. 2(பி)யை மட்டும், நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இப்போதே தடுக்க முடியாது என்று விட்டது. நிலையைச் சரிபார்ப்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்து வைத்தால் அரசியல் சட்டச் சிக்கல் வரும் என்ற எச்சரிக்கையும், பின்னால் வழக்குப் போடலாம் என்ற அனுமதியும் அதில் இருந்தன. செப்டம்பர் 18 முதல் பத்தி அமலுக்கு வந்தது.

அந்தக் கோடையில் ஆவணமில்லாதவர்களே ஒரு பழைய பேருந்தில் மோனார்க் பட்டாம்பூச்சிகளை வரைந்து, ஃபீனிக்ஸிலிருந்து சார்லட்வரை தென்மாநிலங்கள் வழியாகப் போனார்கள். காகிதமில்லை, பயமுமில்லை என்பது அந்தப் பயணத்தின் முழக்கம். ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் அமெரிக்கச் சிவில் உரிமை ஆணையத்தின் கூட்டத்தில் கோபாக் பேசிக்கொண்டிருக்கையில், பயணிகளில் நால்வர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தாங்கள் ஆவணமில்லாதவர்கள் என்ற பதாகையைப் பிடித்து நின்றார்கள். பத்தியை எழுதியவருக்கும் அது குறிவைத்தவர்களுக்கும் நடுவே சில அடி தூரம்தான். வக்கீல்களை மட்டும் நம்பி வீட்டில் இருந்திருந்தால் இந்தச் சந்திப்பு நடந்திருக்காது.

அலபாமாவில் முடிவு முதலில் வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் பள்ளிப் பிரிவைத் தடுத்தது. 1982-ல் டெக்ஸாஸின் ஆவணமில்லாத குழந்தைகளுக்காக மால்டெஃப் வென்ற பிளைலர் வழக்கே அடித்தளம். 2013 அக்டோபரில் அலபாமா அரசு உடன்பாட்டுக்கு வந்தது. முக்கியப் பிரிவுகளை நிரந்தரமாகக் கைவிட்டு, நிலையைச் சரிபார்க்க மட்டும் யாரையும் பிடித்து வைக்கப் பிரிவு 12 அதிகாரம் தராது என்று ஒப்புக்கொண்டு, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்கு 3,50,000 டாலர் கட்டியது. அதற்குள் நீதித் துறையின் கணக்குப்படி 2012 பிப்ரவரிவரை மாநிலத்தின் ஹிஸ்பானியப் பள்ளிக் குழந்தைகளில் 13.4 விழுக்காட்டினர் பள்ளியை விட்டு விலகியிருந்தார்கள். அந்த ஆண்டை யார் அவர்களுக்குத் திருப்பித் தருவார்கள்?

அரிசோனாவில் இன்னும் மூன்றாண்டு பிடித்தது. 2013 மே மாதம் வேறொரு வழக்கில், ஆர்பையோவின் அலுவலகம் லத்தீன் மக்களை இனம் பார்த்து நிறுத்தியது என்று நீதிபதி மர்ரே ஸ்னோ தீர்ப்பளித்தார். 'நியாயமான சந்தேகம்' நடைமுறையில் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நீதிமன்றமே கொடுத்த சான்று அது. ஆனால் 2(பி)யை எதிர்த்த வாதத்தை 2015-ல் போல்டன் ஏற்கவில்லை. அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. 2016 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. குடியேற்ற நிலையை அறிவதற்காக மட்டும் யாரையும் நிறுத்தவோ, நிறுத்தப்பட்டவரைக் கூடுதல் நேரம் காக்க வைக்கவோ கூடாது, இனமும் நிறமும் காரணமாகக் கூடாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் எழுத்தில் கருத்துரை வெளியிட்டார். அரசு 14 லட்சம் டாலர் வழக்குச் செலவு கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆர்பையோ தேர்தலில் தோற்றார். புவென்டேயை வழிநடத்திய கார்லோஸ் கார்சியா 2019-ல் ஃபீனிக்ஸ் நகர மன்றத்துக்குத் தேர்வானார்.

பத்தியின் பல்லைப் பிடுங்கினார்கள், அதைக் கொல்லவில்லை. அதன் வாரிசுகள் முன்னைவிடத் துணிச்சலானவை. 2023 டிசம்பரில் டெக்ஸாஸ் ஆளுநர் கையெழுத்திட்ட எஸ்.பி. 4, எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கி, மாநில நீதிபதியே ஆளை மெக்சிகோவுக்குத் திரும்பிப் போக உத்தரவிடலாம் என்றது. எல் பாசோவின் லாஸ் அமெரிக்காஸ் மையமும் அமெரிக்கன் கேட்வேஸும் எல் பாசோ மாவட்ட நிர்வாகமும் வழக்குத் தொடுத்தன. 2024 பிப்ரவரியில் தடை கிடைத்தது, மார்ச் 19 அன்று சில மணி நேரம் சட்டம் அமலுக்கு வந்து அன்றிரவே மீண்டும் நிறுத்தப்பட்டது. ஃபுளோரிடாவின் 2025 சட்டத்தை ஃபுளோரிடா குடியேறிகள் கூட்டணியும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் நிறுத்தின. தடையை நீக்கும்படி மாநில அரசு கேட்டதை அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அரிசோனாவோ 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 314-ஆம் முன்மொழிவை நிறைவேற்றியது. டெக்ஸாஸ் சட்டமோ அதுபோன்ற வேறொன்றோ தொடர்ந்து 60 நாள் அமலில் இருந்தால், இதன் எல்லைப் பிரிவும் விழித்துக்கொள்ளும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பத்து வருடத்துக்கும் மேலான உழைப்புக்குப் பிறகும் வாக்காளர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அதற்கு ஆம் என்றது அமைப்புகளுக்குப் பெரிய அடி, அதை மறைப்பதில் பயனில்லை.

வாசகத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடர் போதும். அதை நீக்க அலபாமாவுக்கு இரண்டு ஆண்டு, அரிசோனாவுக்கு ஆறு ஆண்டு, அதுவும் பாதியளவே. அந்த இடைவெளியைத் தாங்குவது முற்றத்தில் கூடும் பத்துப் பேரும் தொலைபேசியில் குறிப்பெடுக்கும் தன்னார்வலரும் மனுதாரராகப் பெயர் கொடுக்கும் சிறு சங்கமும்தான். அமெரிக்காவில் இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நகரங்களிலும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளியும் நன்றாக நடக்கின்றன. 2010-ல் ஃபீனிக்ஸ் வழக்கில் தெற்காசியப் பெண்கள் அமைப்பு ஒன்று தன் பெயரைத் துணிந்து எழுதியது. உங்கள் மாநிலத்தில் அடுத்த மசோதா வரும்போது அந்தப் பட்டியலில் உங்கள் சங்கத்தின் பெயரும் இருக்கட்டும். அதற்கு முன்பே, உங்கள் ஊரில் உழைக்கும் குடியேறிகள் அமைப்பு எது என்று கேட்டு, ஒரு சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள்.